ஒரு கோணம் தெரிந்தால் எட்டும் தெரியும்

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இந்தப் படம் வரும்: கிடையாக இரண்டு கோடுகள், இரண்டையும் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் மூன்றாவது கோடு. ஒரு மூலையில் 65° என்று போட்டிருக்கும். எங்கோ தள்ளி இன்னொரு மூலையில் கேள்விக்குறி. பிள்ளைகள் பலர் உடனே கோணமானியைத் தேடுவார்கள். அதற்கு இங்கே வேலையில்லை. வினாத்தாளில் வரும் படங்கள் பெரும்பாலும் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல. 65° என்று எழுதியிருக்கும் கோணத்தை அளந்தால் 58° கூட வரலாம். விடையைக் காரணம் சொல்லித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேறு சிலர் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்: ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள், இன்னும் இரண்டு மூன்று. பெயர்கள் தேவைதான். ஆனால் பாடத்தைப் பெயர்களிலிருந்து தொடங்குவது தப்பான வரிசை என்பது என் எண்ணம். படத்தில் எட்டுக் கோணங்கள் இருந்தாலும் அளவுகள் இரண்டே இரண்டுதான். அதை முதலில் பார்த்துவிட்டால் பெயர்கள் தாமாக வந்து உட்காரும்.

ஒரு தாளில் கிடையாக இரண்டு இணைகோடுகள் வரையுங்கள். கோடு போட்ட நோட்டாக இருந்தால் அச்சான கோடுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். கீழே இடப்பக்கத்தில் தொடங்கி மேலே வலப்பக்கம் நோக்கி ஒரு சாய்கோட்டை இழுத்து, இரண்டையும் வெட்டச் செய்யுங்கள். இந்தச் சாய்கோடுதான் குறுக்குவெட்டி. இலங்கைப் பாடநூல்களில் இது குறுக்கோடி. இணைகோடுகள் அங்கே சமாந்தரக் கோடுகள்.

மேல் சந்திப்பில் நான்கு கோணங்கள் இருக்கும். நாம் எழுத்து வாசிக்கிற வரிசையிலேயே எண் கொடுப்போம்: மேல் இடது 1, மேல் வலது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. கீழ்ச் சந்திப்பிலும் அதே வரிசையில் 5, 6, 7, 8. உங்கள் புத்தகத்தில் எண்கள் வேறு மாதிரி சுற்றி வரலாம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த வரிசைதான். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெறுமனே வாசித்தால் எண்கள் தலையைச் சுற்ற வைக்கும்.

முதலில் ஒரு சந்திப்பு மட்டும்

கீழ்க்கோட்டைக் கையால் மறைத்துவிடுங்கள். மேல் சந்திப்பில் 1, 2 இரண்டும் மேல்கோட்டின் மீது அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து அந்தக் கோட்டின் மேல்பக்கம் முழுவதையும் நிரப்பிவிடுகின்றன. ஆகவே கூடுதல் 180°. இதற்கு நேரிய கோண இணை என்று பெயர். 2-ஆம் கோணம் 65° என்றால் 1-ஆம் கோணம் 180 − 65 = 115°.

இப்போது பார்வையைக் குறுக்குவெட்டியின் மீது வையுங்கள். அதன் இடப்பக்கத்தை நிரப்புபவை 1, 3. அவையும் சேர்ந்து 180°. எனவே 3 = 65°. எதிரெதிரே இருக்கும் 2, 3 இரண்டும் சமமாக வந்துவிட்டன. இவை குத்தெதிர்க் கோணங்கள். இவை சமம் என்பதைத் தனி விதியாக நினைவில் வைக்கத் தேவையில்லை. இரண்டுமே 1-ஆம் கோணத்தோடு சேர்ந்து 180° ஆக வேண்டியவை. அப்படியானால் சமமாக இல்லாமல் வேறு எப்படி இருக்க முடியும்?

இதுவரை இணைகோடு என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டாலும் இது உண்மை. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் இவற்றை 13, 15 ஆகிய எண்களில் நிறுவுகிறார். இணைகோடுகள் பற்றிய முதல் கூற்று 27-இல்தான் வருகிறது.

சந்திப்பைக் கீழே நகர்த்துங்கள்

கையை எடுத்துவிடுங்கள். ஒரு மெல்லிய டிரேசிங் தாளை மேல் சந்திப்பின் மீது வைத்து, அங்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளையும் படியெடுங்கள். பிறகு தாளைத் திருப்பாமல், குறுக்குவெட்டியின் வழியாகவே கீழே நகர்த்துங்கள். குறுக்குவெட்டி தன் மீதே வழுக்கிக்கொண்டு போகும். படியெடுத்த மேல்கோடு திசை மாறாமல் இறங்கும். கீழ்க்கோடும் அதே திசையில்தான் கிடக்கிறது. இணை என்பதே அதுதான். ஆகவே படியெடுத்த சந்திப்பு கீழ்ச் சந்திப்பைத் தொடும்போது நான்கு மூலைகளும் கச்சிதமாகப் பொருந்தும். 1 போய் 5-இன் மேல், 2 போய் 6-இன் மேல், 3 போய் 7-இன் மேல், 4 போய் 8-இன் மேல்.

இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுகிற கோணங்களே ஒத்த கோணங்கள். இரண்டும் தத்தம் சந்திப்பில் ஒரே இடத்தில் இருப்பவை. கோடுகள் இணையாக இருந்தால் ஒத்த கோணங்கள் சமம்.

பாடத்தின் சாரம் இவ்வளவே. மேல் சந்திப்பில் 65°, 115° என்று இரண்டு அளவுகள்தான் இருந்தன. கீழ்ச் சந்திப்பு அதன் நகல். ஆகவே குறுங்கோணங்கள் நான்கும் (2, 3, 6, 7) 65°. விரிகோணங்கள் நான்கும் (1, 4, 5, 8) 115°. இணைகோடுகளும் ஒரு குறுக்குவெட்டியும் தந்து எந்த இரண்டு கோணங்களைப் பற்றிக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: இரண்டும் ஒரே வகையா, வேறு வேறு வகையா? ஒரே வகை என்றால் சமம். ஒன்று குறுங்கோணம், மற்றது விரிகோணம் என்றால் கூடுதல் 180°. குறுக்குவெட்டி செங்குத்தாக வெட்டினால் எட்டும் 90°; அப்போது கேள்விக்கே இடமில்லை.

பெயர்கள் எதற்கு?

விடைதான் கிடைத்துவிட்டதே, பெயர் எதற்கு என்று கேட்கலாம். தேர்வில் காரணம் எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது வேறொன்று. படத்தில் நான்கைந்து கோடுகள் வந்துவிட்டால் 'ஒரே வகை' என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த இரண்டு கோடுகள் இணை, எது குறுக்குவெட்டி, இரண்டு கோணங்களும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பிரித்துச் சொல்ல ஒரு மொழி வேண்டும்.

இணைகோடுகளுக்கு நடுவில் உள்ள 3, 4, 5, 6 உட்கோணங்கள். வெளியே உள்ள 1, 2, 7, 8 வெளிக்கோணங்கள். நடுவில் இருக்கிற, ஆனால் குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள 3-6, 4-5 ஆகிய ஜோடிகள் ஒன்றுவிட்ட உட்கோணங்கள். சமம். வெளியே அதே மாதிரி இருக்கிற 1-8, 2-7 ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள். அவையும் சமம். நடுவில், குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் உள்ள 3-5, 4-6 ஜோடிகள் சமமல்ல; கூடுதல் 180°, அதாவது மிகைநிரப்புக் கோணங்கள். தமிழகப் புத்தகங்களில் இவற்றுக்குக் 'குறுக்குவெட்டியின் ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள்' என்று நீளமான பெயர். இலங்கையில் நேயக் கோணங்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒன்றுவிட்ட உட்கோணத்துக்கு இசட் எழுத்தைத் தேடு, ஒத்த கோணத்துக்கு எஃப் எழுத்தைத் தேடு என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருவதுண்டு. தப்பில்லை. ஆனால் படத்தைச் சாய்த்தோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டியோ கொடுத்துவிட்டால் எழுத்தை அடையாளம் காண முடியாமல் பிள்ளைகள் திணறுகிறார்கள். உள்ளேயா வெளியேயா, ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா என்ற இரண்டு கேள்விகள் படம் எப்படிக் கிடந்தாலும் கைவிடாது.

தெரியாத எழுத்து நுழையும்போது

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளில் பாகைக்குப் பதில் கோவை தருவார்கள். 3-ஆம் கோணம் (4க − 15)°, 6-ஆம் கோணம் (2க + 25)°, கோணங்கள் என்ன? 3, 6 இரண்டும் உள்ளே, எதிர்ப்பக்கங்களில். ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஆகவே சமம். 4க − 15 = 2க + 25. இரண்டு பக்கமும் 2க-வைக் கழித்து 15-ஐக் கூட்டினால் 2க = 40, க = 20. பாதிப் பேர் இங்கேயே அடிக்கோடிட்டு முடித்துவிடுவார்கள். கேட்டது க அல்ல, கோணம். 4 × 20 − 15 = 65. மற்றதிலும் போட்டுப் பாருங்கள்: 2 × 20 + 25 = 65. இரண்டும் ஒன்றாக வந்தால் விடை சரி.

இன்னொன்று. 4-ஆம் கோணம் (3க + 10)°, 6-ஆம் கோணம் (2க + 20)°. இரண்டும் உள்ளே, இரண்டும் வலப்பக்கம். இங்கே சமம் என்று போட்டால் க = 10, கோணம் 40° என்று அழகாக ஒரு விடை வரும், அது தப்பு. கூடுதல் 180: 5க + 30 = 180, க = 30. கோணங்கள் 100°, 80°. சமன்பாடு எழுதுவதற்கு முன் படத்தைப் பார்த்து 'ஒன்று குறுகல், ஒன்று விரிவு' என்று சொல்லிக்கொண்டால் இந்தத் தவறு வராது.

கோடு இல்லாத இடத்தில் ஒரு கோடு

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். இரண்டு இணைகோடுகள். மேல்கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோடு வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. பாதி வழியில் நின்று திரும்பி, இடப்பக்கமாகச் சரிந்து கீழ்க்கோட்டை அடைகிறது. மேலே, மேல்கோட்டின் வலப்பகுதிக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடையே 35°. கீழே, கீழ்க்கோட்டின் வலப்பகுதிக்கும் அங்கே வந்து சேரும் கோட்டுக்கும் இடையே 50°. நடுவில் திரும்பிய முனையில் உள்ள கோணம் எவ்வளவு?

இங்கே குறுக்குவெட்டியே இல்லை. எந்தக் கோடும் இரண்டு இணைகோடுகளையும் வெட்டவில்லை. கொடுத்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முறைத்தாலும் நகராது. நாமே ஒரு கோடு போட வேண்டும்: திரும்பும் முனை வழியாக, மேலும் கீழும் உள்ளவற்றுக்கு இணையாக, இடப்பக்கம் நீளும் ஒரு கோடு. அது முனையில் உள்ள கோணத்தை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கும். மேல்துண்டும் 35° கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள். ஆகவே மேல்துண்டு 35°. அதே காரணத்தால் கீழ்த்துண்டு 50°. மொத்தம் 85°.

மூன்றாவது இணைகோட்டை வரையலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வரையக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. வடிவியலில் பாதிக் கெட்டிக்காரத்தனம் இப்படிப் படத்தில் இல்லாத கோட்டைப் போடுவதில்தான் இருக்கிறது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180° என்பதும் இதே உத்தியால்தான் கிடைக்கிறது. ஒரு முக்கோணம் வரைந்து, உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கச் சாய்பக்கம் ஒரு குறுக்குவெட்டி. அதனால் அடியில் உள்ள இடக்கோணம் உச்சிக்கு இடப்புறம் வந்து நிற்கும். வலச்சாய்பக்கம் இன்னொரு குறுக்குவெட்டி. வலக்கோணம் உச்சிக்கு வலப்புறம் வரும். நடுவில் உச்சிக்கோணம். மூன்றும் ஒரே நேர்கோட்டின் கீழ் அணிவகுத்துவிட்டன. கூடுதல் 180°. இந்த நிறுவல் பிதாகரஸ் வழிவந்தவர்களுடையது என்று அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடீமஸ் சொன்னதாக, கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் குறிப்பிடுகிறார்.

இணையாக இல்லாவிட்டால்?

படத்தில் இரண்டு கோடுகளும் இணைபோலத் தெரிந்தால் போதாது. கேள்வியில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கோடுகளின் மீது ஒரே மாதிரி அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குத்தெதிர்க் கோணங்களும் நேரிய இணையும் மட்டுமே உங்கள் கையில். ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம் என்ற பெயர்கள் அப்போதும் இருக்கும். சமம் என்ற உரிமை இருக்காது.

3-ஆம் கோணம் 62°, 6-ஆம் கோணம் 64° என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இணைதான். ஆனால் 5-ஆம் கோணம் 180 − 64 = 116°. இடப்பக்க உட்கோணங்கள் 3, 5 இரண்டையும் கூட்டினால் 178°. 180-க்கு 2 குறைகிறது. அப்படியானால் இந்த இரண்டு கோடுகளையும் இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும், அங்கே 2° கோணம் உண்டாகும். உட்கோணங்களின் கூடுதல் எந்தப் பக்கம் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைகிறதோ அந்தப் பக்கம் கோடுகள் சந்திக்கும் என்பதுதான் யூக்ளிடின் புகழ்பெற்ற ஐந்தாம் எடுகோள் (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்று). இணைகோடுகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற 29-ஆம் கூற்றில்தான் அவர் அதை முதன்முதலாகப் பயன்படுத்துகிறார். நம்முடைய டிரேசிங் தாள் விளக்கத்துக்குள் ஒளிந்திருப்பதும் இதே எடுகோள்தான். மற்ற எடுகோள்களிலிருந்து இதை வரவழைத்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும் இந்த எடுகோள் இல்லாமலே வேறு ஒரு வடிவியலைக் கட்டிக் காட்டினார்கள்.

பூமி உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தீர்க்கரேகைகளை நிலநடுக்கோடு வெட்டுகிறது. இரண்டு இடத்திலும் 90°. உட்கோணங்களின் கூடுதல் கச்சிதமாக 180°. ஆனாலும் இரண்டும் துருவத்தில் போய்ச் சந்தித்துவிடுகின்றன! நம் விதிகள் எல்லாம் தட்டையான தாளுக்கு உரியவை.

தட்டையான தாளில் இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். ஒத்த கோணங்கள் சமமாக இருந்தால் கோடுகள் இணைதான். மூலைமட்டத்தை அளவுகோலின் ஓரமாக வைத்து ஒரு கோடு வரைந்து, அப்படியே வழுக்கி நகர்த்தி இன்னொரு கோடு வரைகிறோமே, அது இணையாக வருவது ஏன்? அளவுகோலின் விளிம்பு குறுக்குவெட்டி. மூலைமட்டத்தின் கோணம் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்ளேயே இந்தத் தேற்றம் கிடக்கிறது.

எரட்டோஸ்தனிஸ் அளந்த பூமி

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளராக இருந்தவர் எரட்டோஸ்தனிஸ். தெற்கே சையீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்) கோடை காலத்தின் நீண்ட பகலன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதே நேரம் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அங்கே சூரியக் கதிருக்கும் செங்குத்துக்கும் இடையே இருந்த கோணம் ஒரு முழுவட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. அதாவது 360 ÷ 50 = 7.2°.

சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால், இரண்டு ஊர்களுக்கும் வரும் கதிர்களை இணைகோடுகளாக எடுத்துக்கொள்ளலாம். சையீனில் விழும் கதிரைத் தரைக்குள் நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும். அலெக்சாந்திரியாவின் குச்சியை நீட்டினாலும் மையத்துக்குத்தான் போகும். அதுதான் இரண்டு கதிர்களையும் வெட்டும் குறுக்குவெட்டி. ஒரு வெட்டும் இடம் குச்சியின் நுனி, மற்றது பூமியின் மையம். நுனியில் உள்ள 7.2° கோணமும் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள். எனவே மையத்திலும் 7.2°. யாராலும் போய் அளக்க முடியாத ஒரு கோணம், நிழலைப் பார்த்தே கிடைத்துவிட்டது.

மீதி வெறும் பெருக்கல். இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அக்கால நீள அளவு) என்று அவர் எடுத்துக்கொண்டார். ஐம்பது மடங்கு 2,50,000 ஸ்டேடியம். இன்றைய கணக்கில் இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்காக ஏறக்குறைய 800 கி.மீ. இடைவெளி, 50-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ. துருவங்கள் வழியான பூமியின் சுற்றளவு சுமார் 40,008 கி.மீ. இத்தனைக்கும் சையீன் கடகரேகையின் மீது துல்லியமாக இல்லை, சற்று வடக்கே இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே தீர்க்கரேகையிலும் இல்லை.

இதை நீங்களும் செய்யலாம். மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22-ஐ ஒட்டி, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அன்று ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். குச்சியையும் நிழலையும் சிறிதாக்கிச் செங்கோண முக்கோணமாகத் தாளில் வரைந்தால், குச்சியின் நுனியில் உள்ள கோணம் கிடைக்கும். அதே ஒன்றுவிட்ட கோணக் கணக்கின்படி அது உங்கள் ஊரின் அட்சரேகை. சென்னையில் நிழல் சுமார் 23 செ.மீ., கோணம் 13°; யாழ்ப்பாணத்தில் சுமார் 17 செ.மீ., பத்துக்குச் சற்றுக் குறைவான கோணம். கன்னியாகுமரியில் சுமார் 14 செ.மீ., 8°.